அஞ்சலாட்சியின் காலில் விளைந்தது

"இழுக்காத, இழுக்காத, விழுது அறுந்துடப் போவுது" என்று கலியவரதன் வரப்பிலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தபோது, அவன் மனைவி அஞ்சலாட்சி இரண்டு கைகளையும் பின்னால் ஊன்றிக்கொண்டு, அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலைச் செடிக்கு அடியில் மாட்டிக்கொண்ட வலது காலைப் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். கால் வரவில்லை. களை எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு வெயில் ஏறியதும் தலை சுற்றியது. செடிகளுக்குள்ளேயே காலை நீட்டிச் சாய்ந்தவள் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாள். அதற்குள், பூவின் அடியிலிருந்து மண்ணைத் தேடி இறங்கிக்கொண்டிருந்த விழுதுகளில் ஏழெட்டு, மண்ணுக்குப் பதிலாக அவளுடைய கெண்டைக்காலைக் கண்டு அதற்குள் இறங்கிவிட்டிருந்தன. வலி இல்லை. சர்க்கரை வியாதி வந்ததிலிருந்து முழங்காலுக்குக் கீழே அவளுக்கு எதுவும் தெரிவதில்லை. ஒருமுறை செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் சந்தைவரை ஒற்றைச் செருப்போடு அவள் நடந்துபோனதைப் பார்த்து ஊரே சிரித்தது.

"அறுந்தா அறுவட்டும்யா, இது என் காலு."

"காலுதான், யாரு இல்லன்னது? விழுது எறங்கினப்புறம் கை வெக்கக்கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா? எண்ணெ ஏறாம புடுங்கினா ஊருக்கே ஆவாது."

அந்த ஊரில் அப்படி ஒரு முறை இருந்தது. பூ பூத்து விழுது மண்ணுக்குள் போய்விட்டால் பிறகு அந்தக் கொல்லையில் களைக்கொத்து இறங்காது, மாடு இறங்காது, ஆசைக்கு ஒரு செடியைப் பிடுங்கிப் பார்க்கிற கையும் இறங்காது. காய் கட்டி, பருப்பு திரண்டு, பருப்பில் எண்ணெய் ஏறும்வரை மண் அம்மனுடையது. மண்ணுக்கு இருந்த முறையைக் காலுக்கும் வைத்துக்கொள்வதில் யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை. கடப்பாரை வந்தது, செடியைச் சுற்றி அகலமாகத் தோண்டினார்கள், வேரோடும் மண்ணோடும் தூக்கிப் பழைய பெயிண்ட் வாளியில் வைத்தார்கள், வாளியையும் அஞ்சலாட்சியையும் ஒரே கயிற்றுக்கட்டிலில் ஏற்றி நான்கு பேர் சுமந்து தெரு வழியாகக் கொண்டுபோனார்கள். வழியில் குழாயடியில் நின்ற பெண்கள் குடங்களை ஒதுக்கி வழிவிட்டுவிட்டு, "பூ நல்லாப் புடிச்சிருக்குது" என்று செடியைத்தான் சொன்னார்கள்.

ஊர் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட அந்த வருஷம் யாருக்கும் தெம்பில்லை. ஆடியில் ஒரு மழை, அதை நம்பி விதைத்தது. ஆவணியில் ஒரு தூறல், அதை நம்பிக் காய் திரள ஜிப்சம் உரம் போட்டது. அதற்கப்புறம் வானம் வெளுத்த வேட்டிபோலக் கிடந்தது. எந்தக் கொல்லையில் காய் கட்டினாலும் பொக்குதான், ஓட்டுக்குள் சுருங்கிப்போன தோல்தான் மிஞ்சும் என்று தெரிந்துவிட்டிருந்தது. கார்த்திகைக்குப் பொன்னியம்மன் கோயிலில் ஏற்றும் பெரிய விளக்குக்கு ஊர் மண்ணில் விளைந்த எண்ணெய்தான் ஊற்ற வேண்டும், கடை எண்ணெய் ஆகாது. மீதி எண்ணெயில் வடை சுட்டு ஊரே தின்ன வேண்டும். விளக்குக்கு என்ன செய்வது என்று ஊர் விழித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அஞ்சலாட்சியின் கால் வந்தது.

மறுநாள் காலையில் பூசாரி ஏகாம்பரம் வந்து பார்த்தார். குனிந்து, விழுதுகள் தோலுக்குள் போகும் இடத்தை வாளியில் இருந்த குச்சியால் மெல்லத் தட்டிப் பார்த்துவிட்டு, "கெட்டியாப் புடிச்சிருக்குது" என்றார். "ஜிப்சம் போட்டீங்களா?"

"கால்லயா?" என்றாள் அஞ்சலாட்சி.

"வேற எங்க போடறது? போட்டு மண்ண அணைக்கணும். இல்லன்னா இதுவும் பொக்காப் பூடும்."

கலியவரதன் ஜிப்சம் கொண்டுவந்தான். அவனுடைய தங்கை தனபாக்கியம், புருஷன் செத்தபிறகு எந்த வீட்டில் எந்த வேலை நடந்தாலும் முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் நிற்பவள், கொல்லை மண்ணைச் சலித்து எடுத்து வந்தாள். அண்ணனும் தங்கையும் சேர்ந்து கெண்டைக்காலில் ஜிப்சத்தைத் தூவி, மேலே ஈரமண்ணை அப்பி, ஒரு பழைய கோணியால் சுற்றினார்கள். அஞ்சலாட்சி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரசவத்தின்போதுகூட அவளை யாரும் இவ்வளவு கவனமாகத் தொட்டதில்லை. இந்தக் கவனம் அவளுக்குக் குமட்டியது.

"எங்கண்ணி வயித்துல சுமந்தது ஒண்ணு, கால்ல சுமக்கறது ஏழெட்டு" என்று தனபாக்கியம் தெருவுக்குப் போய்ச் சொல்ல, தெரு சிரித்தது.

அன்றிலிருந்து காலையில் வெயில் வந்ததும் கட்டிலை வாசலுக்குத் தூக்கினார்கள், செடிக்கு வெயில் வேண்டும். பொழுது சாயும்போது செடி இலைகளை மடக்கிக்கொள்ளும், அப்போது உள்ளே தூக்கினார்கள். இலை மடங்கியதும் அவள் காலுக்குள் ஏதோ நகரும். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. விழுதின் நுனி நேராக இறங்குவதை நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் திரும்பிப் படுத்துக்கொள்வதுபோல, தன் வீட்டில் யாரோ முன்பின் தெரியாதவர் பாயை உதறிப் போடுவதுபோல இருக்கும். ஒன்பது வருஷமாக ஒன்றும் தெரியாமல் கிடந்த காலில் முதன்முதலாகத் தெரிந்தது இதுதான்.

சுகாதார நிலையத்து நர்ஸ் ஜெசிந்தா வந்து விரலில் குத்திப் பார்த்தாள். இன்னொரு விரலில் குத்தியும் பார்த்தாள். "சக்கரையே இல்லம்மா உங்களுக்கு. என்ன சாப்புடறீங்க?" என்றாள். கட்டிலையும் வாளியையும் அவள் பார்க்காமல் இல்லை; ஆனால் அவளுடைய கருவி நல்ல அளவைக் காட்டும்போது அதற்கு மேல் கேட்பது அவள் வேலை இல்லை. மாத்திரையை நிறுத்திவிடச் சொன்னாள்.

சர்க்கரை எங்கே போகிறது என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். மல்லாட்டை முதலில் ஓட்டைத்தான் கட்டும். உள்ளே பருப்பு கடுகளவு இருக்கும்போதே ஓடு முழு வளர்த்தி வளர்ந்து தண்ணீரும் பஞ்சுமாக உட்கார்ந்துகொள்ளும். பிறகு இலைகள் வெயிலில் சமைத்துத் தண்டு வழியாக அனுப்பும் சர்க்கரையை வாங்கி வாங்கிப் பருப்பு திரளும். அந்தப் பருவத்தில் பிய்த்துக் கடித்தால் தண்ணியாக இனிக்கும். பிறகு அந்த இனிப்பு உள்ளுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி எண்ணெயாகும், தண்ணீர் வற்ற வற்ற எண்ணெய் சொட்டுச் சொட்டாகப் பருப்புக்குள் அடைந்துகொள்ளும், ஓட்டின் உள்பக்கம் வெள்ளையிலிருந்து கறுக்கும். பெயிண்ட் வாளியில் இருந்த செடிக்கு இலை குறைவு. காய்களுக்கு வேண்டிய சர்க்கரை மேலிருந்து வரவில்லை, அவளிடமிருந்து போயிற்று.

அதனால் அவளுக்கு இனிப்பு கொடுத்தார்கள். ஒன்பது வருஷமாகக் கேழ்வரகுக் கூழும் பாகற்காயும் தின்று, அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் இலையோரத்தில் வைத்த ஜாங்கிரியைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு எழுந்து வந்தவளுக்கு முன்னால் ஊர் தட்டுத்தட்டாகக் கொண்டுவந்து வைத்தது. வெல்லப் பொங்கல், அதிரசம், லட்டு, சீனிப்பாகு சொட்டும் ஜாங்கிரி. முதல் நாள் அவள் வெட்கத்தை விட்டுத் தின்றாள். தாடையில் வழிந்த பாகைப் புறங்கையால் துடைத்து அந்தப் புறங்கையையும் நக்கினாள், கண்ணில் தண்ணீர் வந்தது, காலைப் பற்றிய நினைப்பே இல்லை. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, லட்டை வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கும்போதே அது தன்னிடம் தங்காமல் இறங்குவது அவளுக்குத் தெரிந்தது. நாக்கில் பட்ட இனிப்பு தொண்டையைத் தாண்டியதும் அவளைச் சட்டை செய்யாமல், தெரிந்த வழியில் போகும் மாடுபோல, நேராகக் காலுக்குப் போயிற்று. கை நடுங்கியது, வேர்த்தது, கண் இருண்டது. தனபாக்கியம் ஓடிவந்து வாயைப் பிளந்து இன்னொரு லட்டைத் திணித்தாள். அதுவும் இறங்கியது.

"போதும் பாக்கியம். குமட்டுது."

"ஒனக்கா குடுக்கறோம்? முழுங்கு அண்ணி."

எறும்பு வந்தது. முதலில் கட்டில் காலில் ஒரு வரிசை, பிறகு கோணிக்குள், பிறகு விழுது இறங்கிய ஒவ்வொரு துளையைச் சுற்றியும் கறுப்பாக ஒரு வளையம். தெரு நாய் ஒன்று வந்து அவள் பாதத்தை நக்கிவிட்டுப் போனது, மறுநாள் இரண்டாக வந்தது. தனபாக்கியம் காலையும் மாலையும் கோணியைப் பிரித்து, கெண்டைக்காலைக் கட்டைவிரலால் அழுத்துவாள். துளையின் ஓரத்தில் பால்போல ஒரு பொட்டு வரும். அதைச் சுட்டுவிரலில் தொட்டு நாக்கில் வைத்து, கூரையைப் பார்த்தபடி சப்புக்கொட்டுவாள்.

"இனிக்குது. எண்ணெ புடிக்கல இன்னும்."

பிறகு தெருப் பெண்களும் வந்து அழுத்திப் பார்த்தார்கள், குழந்தைக்கு மருந்து கொடுப்பதுபோல ஒருத்தி வாயில் ஒருத்தி வைத்து ருசி பார்த்தார்கள். சிலருக்குப் பச்சைப் பயறு வாசனை என்று பட்டது, சிலருக்குத் தாய்ப்பால் வாசனை. அஞ்சலாட்சி புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வாந்தியை விழுங்கினாள். அவள் வாந்தி எடுத்தால் மறுபடி லட்டு வரும்.

மூன்று தெருவிலும் இருந்த சர்க்கரைக்காரர்கள் கேள்விப்பட்டு, குடையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு மல்லாட்டைக் கொல்லைகளில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். வரிசையாக உட்கார்ந்தார்கள், ஒருவருக்கொருவர் வெற்றிலை கொடுத்துக்கொண்டார்கள், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் நாற்காலியே கொண்டுபோனார். ஆனால் பூ முடிந்துவிட்டிருந்தது. விழுது ஒன்றும் வரவில்லை, கட்டெறும்புதான் கடித்தது. அவர்கள் திரும்பி வரும்போது அஞ்சலாட்சியின் வாசலில் நின்று, அவளுக்கு மட்டும் அமைந்துவிட்டதே என்று கோபமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் கலியவரதன் சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள். "இந்தாய்யா, இத்தப் புடுங்கிப் போட்டுடு. என்னால முடியல. என் ஒடம்பு எனக்கே நாறுது."

"நாறுதா? மல்லாட்ட வாசன நாத்தமா ஒனக்கு?"

"கையெடுத்துக் கும்புடறன்."

"இப்பப் புடுங்கினா தண்ணிப் பருப்புடி. காஞ்சா தோலுதான் மிஞ்சும். இவ்ளோ நாள் பொறுத்த, எண்ணெ ஏறட்டும்." அவன் துண்டில் கை துடைத்தான். பொறுமையாகத்தான் பேசினான், அவன் கெட்டவன் இல்லை. "சக்கர எறங்கிப் போச்சி, மாத்தர இல்ல, வேள தவறாம ஜாங்கிரி. ஒனக்கு இதுல இன்னாடி நஷ்டம்?"

கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து மகள் போன் செய்தபோது அவளிடமும் சொல்லிப் பார்த்தாள். "சக்கர கொறஞ்சிடுச்சாமேம்மா. அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டுமே" என்றாள் மகள்.

அவளே ஒருமுறை கை வைத்தாள். எல்லாரும் ரேஷன் கடைக்குப் போயிருந்த காலை நேரம். கோணியைப் பிரித்து, ஒரு விழுதை விரலில் சுற்றி இழுத்தாள். நரம்பை இழுப்பதுபோலத் தொடைவரை சுருண்டது. விழுது அறவில்லை. தோலுக்கு அடியில் காய்கள் வரிசையாகத் துருத்திக்கொண்டு நின்றன, ஒவ்வொன்றும் இடுப்பு சிறுத்து, ஓட்டின் வலைக்கோடுகள் தோலுக்கு மேலேயே தெரிய. அவற்றை விரலால் தடவியதும் உடம்பு கூசிப்போய்க் கையைக் கட்டில் கயிற்றில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள்.

ஐப்பசி பிறந்த வாரம் எறும்புகள் போய்விட்டன. காலையில் கண் விழித்தபோது ஒன்றுகூட இல்லை. பதிலாகக் கோணி நனைந்து பளபளத்தது. தலையணை, புடவை, கட்டில் கயிறு, அவள் சாய்ந்த சுவர், எல்லாவற்றிலும் மஞ்சளாக ஒரு கறை. அவள் வியர்வை துடைத்தால் துண்டு வழவழத்தது. தனபாக்கியம் கட்டைவிரலால் அழுத்தி, நாக்கில் வைத்து, இந்தமுறை கூரையைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக் கத்தினாள்: "ஏறிடுச்சி! எண்ணெ ஏறிடுச்சி!"

தெரு வந்து பார்த்தது. அவரவர் விரலில் தொட்டு, உள்ளங்கையில் தேய்த்து, முகர்ந்து, மீதியைத் தலைமயிரில் தடவிக்கொண்டது. ஒரு கிழவர் வறண்ட முழங்கையில் பூசிக்கொண்டார்.

அன்று பிற்பகலில் வானம் கறுத்தது. அவ்வளவு நாள் வராத மழை, வேண்டாதபோது வந்தது. முற்றின மல்லாட்டை ஈரம் பட்டால் செடியில் இருக்கும்போதே முளைத்துவிடும் என்பதால், முதல் தூறல் விழுந்ததுமே நான்கு பேர் ஓடிவந்து வாசலிலேயே கட்டிலைச் சாய்த்து, இரண்டு பேர் அவள் தோளைப் பிடிக்க, கலியவரதன் செடியின் அடியைச் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். கால் வாய் திறந்து மூடியது. ரத்தம் இல்லை, துளைகளில் எண்ணெய் வந்து அடைத்துக்கொண்டது. காய்கள் கொத்தாக, கொழுத்து, இளஞ்சூட்டோடு அவன் கையில் தொங்கின. அவன் அவற்றை மழைத்தண்ணீரில் அலசினான். அவளை உள்ளே தூக்க எல்லாரும் மறந்துவிட்டிருந்தார்கள். அவள் நனைந்துகொண்டே கிடந்தாள், நனைவது நன்றாக இருந்தது.

கோயில் உரலில் பருப்பை இடித்தபோது, அந்த ஒரு கைப்பிடிப் பருப்பு பிழியப் பிழிய எண்ணெய் விட்டது. சொம்பு நிறைந்தது, குண்டான் நிறைந்தது, அண்டா கொண்டுவந்தார்கள். கார்த்திகையன்று அம்மனுக்கு முன்னால் பெரிய விளக்கு புகையில்லாமல் நின்று எரிந்தது. மீதி எண்ணெயைக் கொப்பரையில் ஊற்றி வடை சுட்டார்கள். ஊரே வரிசையாக உட்கார்ந்து தின்றது. விரலிலிருந்து முழங்கைவரை வழிந்ததை நக்கியது, உதடுகள் மின்னின, தாடைகள் மின்னின, குழந்தைகளின் கன்னங்களை அதே கையால் தடவிக் கொஞ்சினார்கள், ஏப்பம் விட்டார்கள், ஏப்பத்திலும் அவள் வாசனை வந்தது. ஏகாம்பரம் முதல் வடையை வாழையிலைத் துண்டில் வைத்து அவளிடம் கொடுத்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கடித்தாள். மொறுமொறுப்பாக, உள்ளே மெத்தென்று, நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. வேலிக்குப் பின்னால் போய் எல்லாவற்றையும் கக்கிவிட்டு வந்தாள்.

அவள் திரும்பி வந்தபோது பூசாரி பேசிக்கொண்டிருந்தார். விதைக்கென்று சில காய்களை மஞ்சள் துணியில் முடிந்து அம்மன் காலடியில் வைத்திருப்பதாகவும், வருகிற தைப் பட்டத்தில் அதைத்தான் ஊர் நடுக்கொல்லையில் விதைக்கப் போவதாகவும், பூ வந்ததும் அஞ்சலாட்சியை அங்கேயே பந்தல் போட்டு உட்காரவைத்துவிட்டால் வாளி, கட்டில் என்று அல்லாட வேண்டியதில்லை என்றும் சொன்னார். "இந்த வாட்டி ரெண்டு காலும் இருந்தா வருஷத்துக்கும் எண்ணெ பத்தும்."

"ரெண்டு காலும் குடுக்கறன்" என்றான் கலியவரதன், வாயில் வடையோடு. "ஊருக்குத்தான."

"என்ன ஒரு வார்த்த கேட்டியாய்யா?" என்றாள் அவள்.

"கேக்காம இன்னா? இப்பத்தான் ஒன் எதுருக்க சொல்றன்?"

எல்லாரும் சிரித்தார்கள். தனபாக்கியம் எண்ணெய்க் கையால் அவள் தோளைத் தட்டினாள்.

அறுவடைக்கு அடுத்த வாரமே சர்க்கரை திரும்பிவிட்டிருந்தது. நர்ஸ் ஜெசிந்தா குத்திப் பார்த்து, முந்நூற்றுச் சொச்சம் என்று வருத்தப்பட்டு மாத்திரையை மறுபடி கொடுத்தாள். பாத்தியா, அது இருந்தா ஒனக்குத்தான் நல்லது என்று தெரு சொன்னது. அஞ்சலாட்சி கேழ்வரகுக் கூழைக் குடித்தாள், பாகற்காயை மென்றாள். கால் பழையபடி மரத்துவிட்டது. யாருடைய நடமாட்டமும் அதில் இல்லை. ராத்திரி நாக்கு வறண்டு எழுந்து தண்ணீர் குடிக்கும்போது, உடம்பெல்லாம் தேங்கி நிற்கும் அந்தச் சர்க்கரை தன்னுடையது, தன்னைக் கொல்லுவதென்றாலும் தன்னிடமே இருந்து கொல்லும் என்று ஒரு நிம்மதி வந்தது.

மார்கழிக் கடைசியில் விதை உடைக்கக் கோயில் வாசலில் பெண்கள் கூடினார்கள். விதைமல்லாட்டையை இயந்திரத்தில் போடுவதில்லை. பருப்பின் நுனியில் மூக்குமாதிரி துருத்திக்கொண்டிருக்குமே, முளை அதற்குள்தான் இருக்கிறது. அது நசுங்கிவிட்டால் பருப்பைத் தின்னலாம், வறுக்கலாம், ஆட்டலாம், விதைக்க முடியாது. அதனால் கையால்தான் உடைக்க வேண்டும். பூசாரி மஞ்சள் முடிப்பை எடுத்துவந்து, விளைந்த உடம்புக்காரியே உடைப்பதுதான் முறை என்று அஞ்சலாட்சியின் மடியில் வைத்தார்.

மற்றக் கொல்லைகளுக்கென்று வெளியூரிலிருந்து வாங்கிவந்த காய்களைப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உடைத்தார்கள். கீழ்த்தெருவில் ஒரு பெண்ணுக்கு நிச்சயம் ஆகியிருந்தது, மாப்பிள்ளைக்கு முன்பல் எடுப்பு என்றாள் ஒருத்தி. "பல்லா முக்கியம், வேலயப் பாரு" என்றாள் தனபாக்கியம். "சிரிக்காம இருந்தா ஒண்ணும் தெரியாதாம்" என்று இன்னொருத்தி சொல்ல, எல்லாரும் முறத்தில் குனிந்து குலுங்கினார்கள். அஞ்சலாட்சி முடிப்பை அவிழ்த்தாள். ஒரு காயை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தி உடைத்தாள். உள்ஓடு கறுத்திருந்தது, பருப்பு ரோஜா நிறத்தில் கொழுத்திருந்தது. அதன் மூக்கைக் கிள்ளிவிட்டு முறத்தில் போட்டாள். அடுத்ததையும் எடுத்து, மூக்கைக் கிள்ளி, முறத்தில் போட்டாள்.